சுங்கை சிப்புட் பாத்திரக் கடையும் மூளைக்குள் இருக்கும் செம்பும்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், மாலை கட்டும் கடைகளைத் தாண்டினால், வாசலில் இட்லிக் கொப்பரைகள் தொங்கும் பழைய பாத்திரக் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து வெயிலில் போய்விட்டது. கொப்பரைக் கடை என்று கேட்டால் ஊரில் யாரும் காட்டிவிடுவார்கள். செம்புக் குடம், பித்தளை உருளி, இரும்புத் தோசைக்கல், வெள்ளீய ரசச் சொம்பு, அலுமினிய அன்னக்கூடை, எவர்சில்வர் தூக்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். சரக்கு நல்ல சரக்கு. விலை ஈப்போவைவிடக் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் பொய் சொல்லி விற்க மாட்டார். அவசரமாகப் படிப்பவர்களுக்கு இது போதும், தாராளமாகப் போய் வாங்குங்கள்.

நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பயந்துபோய் வருகிறார்கள். "அலுமினியத்தில் சமைத்தால் மறதி நோய் வருமாமே?" "செம்புத் தண்ணீர் குடித்தால் மூளை நரம்பு பலப்படுமாமே?" "பித்தளையில் துத்தநாகம் இருக்கிறதாம், ஞாபக சக்திக்கு நல்லதாமே?" எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தவை. என் அம்மாவுக்கு அல்ஸைமர் என்ற மறதி நோய். நான் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். நோயாளி வீட்டுப் பெண்ணாகவும் இந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன, டீச்சர் என்ற முறையிலும் வருகின்றன.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போவார். லயத்து வீட்டில் சோறு பொங்கியது அலுமினியக் குண்டானில், வேலைக்காட்டுக்குத் தேநீர் கொண்டு போனது அலுமினியத் தூக்கில். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கூலிக்குக் கட்டுப்படியான பாத்திரம் அதுதான். மருத்துவமனையில் நோயின் பெயரைச் சொன்ன அன்று ராத்திரி என் அண்ணி கண்ணீரோடு, "நான்தானே இத்தனை வருஷம் அத்தைக்கு அந்தச் சட்டியில் ஆக்கிப் போட்டேன்" என்றார். எந்தப் பாவமும் செய்யாத ஒரு மருமகள், ஒரு வாட்ஸ்அப் செய்தியால் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இந்த மதிப்புரையை எழுத வைத்ததும் அதுதான்.

அண்ணிக்காகத்தான் முதலில் அந்தக் கடைக்குப் போனேன். வீட்டிலிருக்கும் அலுமினியம் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், அவர் மனம் ஆறட்டும் என்று. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், வேட்டிக்கு மேல் காசுப்பை கட்டியிருப்பார். நாங்கள் கேட்டதும் செம்புக் குடத்தைத் தூக்கி வைத்து ஒரு பெரிய பில் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. "டீச்சர், பாத்திரம் சமைக்கிறதுக்கு. மறதிக்கு மருந்து டாக்டர்கிட்ட. அண்ணியை அழ வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். அப்புறம், பழைய குண்டான் குழி விழாமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், புளி ஊற்றிச் சமைப்பதற்கு மட்டும் எவர்சில்வர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். விற்றது 38 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சட்டி.

அவர் அனுபவத்தில் சொன்னது வேதியியலிலும் சரிதான். அலுமினியப் பேச்சு 1965-இல் தொடங்கியது. முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்புச் செல்களுக்குள் நார் முடிச்சுகள் தோன்றின. அல்ஸைமர் மூளையிலும் முடிச்சுகள் உண்டு என்பதால் உலகமே பரபரப்பானது. பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் முயலின் முடிச்சும் மனிதனின் முடிச்சும் வேறு வேறு அமைப்பு. 1970-களில் சிறுநீரகச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) செய்துகொண்டவர்கள் சிலருக்கு மூளை பாதித்தது. அதற்குக் காரணம் அலுமினியம்தான் என்று நிரூபணமானது. ஆனால் அது அல்ஸைமர் இல்லை, தனி நோய். சுத்திகரிப்புக்குப் பயன்பட்ட தண்ணீரிலிருந்த அலுமினியம் நேராக ரத்தத்துக்குப் போய்விட்டது, வெளியேற்றச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. உணவில் வரும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் குடல் உள்ளே விடுவதில்லை. விட்டதையும் நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். புளி, தக்காளி, எலுமிச்சை சேர்ந்தால் பாத்திரத்திலிருந்து கூடுதலாகக் கரையும் என்பது உண்மை. அதனால் புளிக்குழம்புக்கு எவர்சில்வர். சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில் அலுமினியத்தை முழுக்கத் தவிர்ப்பது நல்லது. பழைய சாமான்களையும் கழிவு உலோகத்தையும் உருக்கி வார்த்த மலிவு அலுமினியச் சட்டிகளில் காரீயம் கலந்திருக்கலாம், அது வேறு கவலை, அந்தக் கவலை நியாயமானது. இந்தக் கடையில் அப்படிப்பட்ட வார்ப்புச் சட்டி வைப்பதில்லை, தகட்டு அலுமினியம் மட்டும்தான்.

இப்போது செம்புக்கு வருகிறேன். கடையின் பெருமையே செம்புதான்.

மூன்று லிட்டர் குடம் 165 வெள்ளி. கையில் எடுத்தால் கனம் தெரியும். விரல் மடக்கித் தட்டினால் சத்தம் சட்டென்று நிற்காமல் கொஞ்ச நேரம் ஓடும். வெளிப்புறத்தில் சுத்தியல் தழும்பு வரிசையாக இருக்கும், கழுத்தில் மட்டும் ஒட்டு, உள்ளே கைவிட்டுத் தடவினால் அந்த ஒட்டு விரலில் இடறாது. கடைக்காரர் கல்லாவில் ஒரு காந்தம் வைத்திருக்கிறார். குடத்தில் வைத்துக் காட்டுவார், ஒட்டாது. இரும்புக்குச் செம்பு முலாம் பூசி விற்கும் பாட்டில்களும் சந்தையில் உண்டு, அதில் அந்தக் காந்தம் போய் ஒட்டிக்கொள்ளும். தம் கடையில் விற்கும் செம்புப் பாட்டில்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அடுக்குகிறார். ஏன் என்று கேட்டேன். மொத்த வியாபாரி அனுப்பும் பெட்டியில் மூளைக்கும் ஞாபகத்துக்கும் நல்லது என்று அச்சடித்திருக்கிறதாம். தமக்குத் தெரியாததைத் தம் கடையில் எழுதி வைக்க மாட்டேன் என்றார்.

செம்புக்கும் மூளைக்கும் உண்மையிலேயே ஒரு கதை இருக்கிறது. அந்த அட்டைப்பெட்டியில் இருப்பது அதுவல்ல.

அல்ஸைமர் நோயாளியின் மூளையில் நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவங்கள் இருக்கும். 1906-இல் அலோய்ஸ் அல்ஸைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எடுத்துச் சொன்னது இதைத்தான். அந்தப் படிவத்தின் முக்கியச் சரக்கு அமிலாய்டு பீட்டா என்ற சின்னப் புரதத் துண்டு. 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, அவ்வளவுதான். என் மூளையிலும் உங்கள் மூளையிலும் இப்போதும் உற்பத்தியாகிக்கொண்டிருக்கிறது. இது ஏன் சிலருக்கு மட்டும் திரண்டு படிகிறது என்று தேடியவர்கள், 1998-இல் படிவங்களுக்குள் இருக்கும் உலோகத்தை அளந்தார்கள். செம்பு சுமார் 0.4 மில்லிமோலார் (செறிவைச் சொல்லும் அலகு), துத்தநாகமும் இரும்பும் ஏறக்குறைய 1 மில்லிமோலார். நோயில்லாதவர்களின் மூளைத் திசுவைவிடப் பல மடங்கு.

உலோகம் அங்கே சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சங்கிலியில் 6, 13, 14 ஆகிய இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஹிஸ்டிடினின் பக்கத்தில் ஒரு வளையம், அந்த வளையத்தில் நைட்ரஜன். நைட்ரஜனிடம் கொடுப்பதற்கு ஓர் எலக்ட்ரான் இணை இருக்கிறது, செம்பு அயனிக்கு அதை வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு) மாணவர்களுக்கு அம்மோனியாவைச் செம்பு சல்பேட்டில் ஊற்றிக் கருநீலம் காட்டுவேன், அதே பிணைப்புதான். சங்கிலியின் தொடக்க முனையில் இருக்கும் நைட்ரஜனும் சேர்ந்துகொள்ள, செம்பு நடுவில் கெட்டியாக உட்கார்ந்துவிடும்.

எலிகளுக்கு இந்தப் படிவம் இயற்கையாக வருவதில்லை. எலியின் அமிலாய்டு பீட்டாவுக்கும் மனிதனுடையதற்கும் மூன்றே இடத்தில் வித்தியாசம்: 5, 10, 13. பதின்மூன்றாம் இடத்தில் நமக்கு ஹிஸ்டிடின், எலிக்கு அர்ஜினின். ஒரு கை குறைந்ததும் செம்பையும் துத்தநாகத்தையும் அது நம்முடையதுபோலப் பிடிப்பதில்லை. எலிக்கு நோய் வராததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் முதல் தடவை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

துத்தநாகம் இன்னும் வேகமானது. 1994-இல் ஆஷ்லி புஷ், ருடால்ஃப் டான்சி குழுவினர், கரைசலில் மிதக்கும் மனித அமிலாய்டு பீட்டாவில் கொஞ்சம் துத்தநாகம் சேர்த்ததும் அது சட்டென்று திரள்வதைக் காட்டினார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாளியில் ரப்பர் பால் தண்ணீராக இருக்கும், தோட்டத்து ஸ்டோரில் அமிலம் ஊற்றியதும் தட்டில் கட்டியாகிவிடும். ரப்பர் துகள்களைச் சுற்றி எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தைக் கொன்றுவிட்டால் ஒட்டிக்கொள்கின்றன. அமிலாய்டு பீட்டாவுக்கும் உடம்பில் எதிர்மின்னேற்றம்தான். நேர்மின்னேற்றமுள்ள துத்தநாகம் அதைக் குறைப்பதோடு ஒரு சங்கிலிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் பாலமாகவும் நிற்கிறது. செம்பு செய்யும் கெடுதல் வேறு மாதிரி: அமிலாய்டோடு ஒட்டிய நிலையில் எலக்ட்ரானை வாங்கிக் கொடுத்து வாங்கிக் கொடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது, அது பக்கத்துச் செல்களை அரிக்கிறது.

"அப்படியானால் பித்தளையில் சமைப்பது ஆபத்துதானே, அதில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்தே இருக்கிறதே?" என்று எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கடையிலேயே என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. பதில்: அந்தத் துத்தநாகம் உருளியிலிருந்து போனதில்லை. மூளையில் பல நரம்பு முனைகள் துத்தநாகத்தைத் தாங்களே சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைத்திருக்கின்றன. சமிக்ஞை அனுப்பும்போது அதையும் வெளியே விடுகின்றன. அப்படி அடைத்துவைக்க உதவும் புரதம் இல்லாதபடி வளர்த்த எலிகளில், மனித அமிலாய்டு மரபணு சேர்த்தும் படிவங்கள் மிகவும் குறைந்துவிட்டன என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. செம்பும் அப்படித்தான். சாப்பிடும் செம்பு முதலில் ஈரலுக்குப் போகிறது, தேவைக்கு மேல் இருப்பதை ஈரல் பித்தநீரில் கழித்துவிடுகிறது. ரத்தத்தில் பெரும்பகுதி செம்பு செருலோபிளாஸ்மின் என்ற புரதத்துக்குள் இருக்கிறது, மிச்சத்தை ஆல்புமின் பிடித்துக்கொள்கிறது. ஆல்புமினின் பிடி அமிலாய்டு பீட்டாவின் பிடியைவிட மிகவும் இறுக்கம். மூளை தனக்கு வேண்டியதை எண்ணி எடுத்து உள்ளே வைக்கிறது. நோய் வரும்போது அந்த உள்வீட்டு உலோகம்தான் இடம் மாறிப்போய்த் தப்பான புரதத்தோடு உட்காருகிறது. அண்ணியின் சட்டிக்கு அதில் பங்கில்லை. அண்ணியிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு நாளாயிற்று. புரிந்த பிறகு மறுபடி சமையலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

செம்புக் குடம் வாங்கலாமா என்றால், வாங்கலாம், குடிதண்ணீருக்கு. பெங்களூரில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வயிற்றுப்போக்குக் கிருமிகள் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தபோது கிருமிகள் செத்துப்போயின. தண்ணீரில் இறங்கிய செம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் கீழே. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2 மில்லிகிராம். இதுதான் செம்புக் குடத்தின் உண்மையான தகுதி. மூளையைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மோர், எலுமிச்சைச் சாறு, ரசம் எதையும் பூச்சில்லாத செம்பில் வைக்கக் கூடாது, வாந்தி வரலாம். கடைக்காரர் இதைக் கேட்காமலே சொல்கிறார்.

யாருக்குச் செம்பே கூடாது என்றால், வில்சன் நோய் உள்ளவர்களுக்கு. செம்பைக் கழித்துவிடும் ஈரல் புரதத்தின் மரபணுவில் கோளாறு, செம்பு ஈரலிலும் மூளையிலும் சேர்ந்துகொண்டே போகும். கை நடுங்கும், பேச்சுக் குழறும், கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். 1912-இல் விவரிக்கப்பட்ட நோய். 1956-இல் ஜான் வால்ஷ் என்ற மருத்துவர் பெனிசிலமைன் என்ற மருந்தைக் கொடுத்துச் செம்பைச் சிறுநீரில் வெளியேற்றிக் காட்டினார், நோயாளிகள் பிழைத்தார்கள். உலோகத்தை எடுத்தால் நோய் அடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. சிக்கல் என்னவென்றால், இந்த ஒரு வெற்றியைக் காட்டித்தான் எல்லா மறதி நோய்க்கும் உலோகத்தை உறிஞ்சி எடுக்கிறேன் என்று சிலர் கடை விரிக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பித்தளை உருளி, கடையின் இரண்டாவது பெருமை. பாயசத்துக்கு ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன். உள்ளே வெள்ளீயப் பூச்சு சீராக, கண்ணாடி மாதிரி இருக்கிறது. அடுப்பில் வைத்தால் ஓரம் வரை ஒரே சூடு, பால் அடிப்பிடிக்கவில்லை. பூச்சு தேய்ந்துபோன பித்தளையில் பால் காய்ச்சாதீர்கள், முக்கியமாகக் கைக்குழந்தைக்கு. பாலிலிருக்கும் புரதம் செம்பை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் ஒரு காலத்தில் சின்னக் குழந்தைகளுக்கு ஈரல் சுருங்கி இறக்கும் நோய் இருந்தது. புனே பகுதியில் ஆராய்ந்தவர்கள், பூச்சில்லாத பித்தளையிலும் செம்பிலும் காய்ச்சி வைத்த பால்தான் அதற்குப் பெரிய காரணம் என்று 1980-களில் கண்டார்கள். பாத்திரத்தை மாற்றியதும் நோய் அருகிப்போனது. பாத்திர உலோகம் உயிரைக் குடித்த உண்மைக் கதை இது. இதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

ரசச் சொம்பு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. கடைக்காரர் மெல்லிய வெள்ளீயப் பட்டை ஒன்றை எடுத்து என் காதருகே வைத்து வளைத்தார். நற நறவென்று சத்தம் கேட்டது, யாரோ உள்ளே பல்லைக் கடிப்பதுபோல. வெள்ளீயத்தின் படிகங்கள் வளையும்போது திசை மாறி உராயும் சத்தம் அது. காரீயம் சத்தமில்லாமல் வளையும், காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் கோடு போடும். கிந்தாப் பள்ளத்தாக்கில் வெள்ளீயம் தோண்டிப் பிழைத்த மாநிலத்தில் இருந்துகொண்டு இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏனென்றால் சொம்பில் காரீயம் கலந்திருந்தால் குழந்தைகளின் மூளைக்கு நேரடிக் கேடு, புளிப்பு ரசம் அதைக் கரைத்து எடுத்துவிடும். இங்கேதான் கடையின் பெரிய குறை: சத்தத்தைக் காட்டுகிறாரே தவிர, ஆய்வகப் பரிசோதனைச் சீட்டு எதுவும் இல்லை. கொஞ்சமாகக் காரீயம் கலந்திருந்தால் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நான் சொம்பு வாங்கவில்லை. சீட்டு வரவழைத்து வைத்தால் முதல் ஆளாக வாங்குவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வாங்குகிறவர்கள் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றாதீர்கள், வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும்.

இரும்புத் தோசைக்கல்லுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழக்கித் தருகிறார்கள், 55 வெள்ளி, முதல் நாளே தோசை பிரிந்து வந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் பார்க்கின்சன் நோய். அவருடைய மகன் இரும்புச் சட்டியே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார், மூளையில் இரும்பு சேர்கிறதாம். சேர்வது உண்மை. பார்க்கின்சனில் கெடும் கருந்திட்டுப் பகுதியில் இரும்பு கூடுகிறது, அங்கே திரளும் ஆல்பா சினூக்ளின் என்ற 140 அமினோ அமிலப் புரதம் செம்பையும் இரும்பையும் பிடிக்கிறது. அதனால் டெஃபெரிப்ரோன் என்ற மருந்தால் அந்த இரும்பை எடுத்துப் பார்த்தார்கள். புதிதாக நோய் கண்ட 372 பேர், 36 வாரம், முடிவு 2022-இல் வந்தது. ஸ்கேனில் இரும்பு குறைந்திருந்தது. நோயாளிகளின் நிலை மோசமாகியிருந்தது. நரம்புச் செல் டோபமைன் என்ற சமிக்ஞைப் பொருளைத் தயாரிக்கவே இரும்பு வேண்டும். சேர்ந்த இடத்திலிருந்து எடுத்தாலே நல்லது என்று கணக்குப் போட முடியாது. தாத்தா மகனிடம் இதைச் சொன்னேன், இப்போது கல் மறுபடி அடுப்பில் இருக்கிறது.

உலோகம் போனாலும் கெடும் என்பதற்கு இன்னொரு உதாரணம், தசைகளை இயக்கும் நரம்புகள் சாகும் ஏ.எல்.எஸ். நோய். செம்பும் துத்தநாகமும் உள்ளே பொருந்தியிருந்தால்தான் உறுதியாக நிற்கும் எஸ்.ஓ.டி.1 என்ற புரதத்தில், சில குடும்பங்களில் மரபணுப் பிழை இருப்பதை 1993-இல் கண்டுபிடித்தார்கள். பிழையுள்ள புரதங்களில் பல, உலோகத்தைச் சரியாகப் பிடிக்காமல் குலைந்து திரள்கின்றன. ஒரு நோயில் உலோகம் போய் ஒட்டுவது வினை, இன்னொன்றில் ஒட்டாமல் போவது வினை.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், ஈப்போவில் ஒரு மையத்தில் என் அம்மாவுக்குக் கிலேஷன் சொட்டு மருந்து ஏற்றச் சொன்னார்கள். உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தில் அழைத்துப் போனார். நரம்பில் ஊசி போட்டு உடம்பிலிருக்கும் கன உலோகத்தை எல்லாம் வெளியேற்றுவோம், ஞாபகம் திரும்பும் என்று அங்கிருந்தவர் சொன்னார். ஒரு தொகுப்புக்கு நாலாயிரம் வெள்ளிக்கு மேல். எந்த மருந்து என்று கேட்டேன், ஈ.டி.டி.ஏ. என்றார். அது மூளைக்குள் போகுமா என்று கேட்டேன், போகும் என்றார். ஈ.டி.டி.ஏ. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலிருக்கும் தடுப்பை அவ்வளவு எளிதில் தாண்டாது. அதைவிட மோசம், தப்பான வகையை ஏற்றினால் ரத்தத்திலிருக்கும் கால்சியத்தைப் பிடித்து இழுத்துவிடும், இதயம் நின்றுபோகலாம். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை இப்படி மூன்று பேர் இறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள், அதில் இருவர் பிள்ளைகள். அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

மூளைக்குள் போகும் மருந்துகளை விஞ்ஞானிகள் முயன்றிருக்கிறார்கள், நேர்மையாக முயன்றிருக்கிறார்கள். கிளியோகுவினால் என்ற பழைய மருந்து செம்பையும் துத்தநாகத்தையும் அமிலாய்டிலிருந்து பிரிக்கும். அதே மருந்தை முன்பு வயிற்றுக் கோளாறுக்குத் தாராளமாகக் கொடுத்து, ஜப்பானில் சுமார் 10,000 பேருக்கு நரம்பும் பார்வையும் பாதிக்கப்பட்டு, 1970-இல் அங்கே தடை செய்தார்கள். அதன் வழியில் வந்த பி.பி.டி.2 என்ற மருந்து, 2014-இல் வெளிவந்த சோதனை முடிவில் படிவத்தைக் குறைக்கவில்லை. அந்த வழி அடைபட்டுவிட்டது என்று நான் நினைக்கவில்லை. உலோகத்தை வெளியே இழுப்பதைவிட, தப்பான புரதத்திடமிருந்து வாங்கி உரிய புரதத்திடம் சேர்க்கும் மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். எனக்கு அந்தத் தேடலில் நம்பிக்கை இருக்கிறது. அது ஆய்வகத்தில் நடக்க வேண்டிய வேலை, ஈப்போவில் ஒரு சாய்வு நாற்காலியில் நடப்பதில்லை. நாலாயிரம் வெள்ளியை அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பகலில் ஓர் ஆள் வைக்கச் செலவழித்தோம், அண்ணிக்கு மதியம் தூங்க நேரம் கிடைத்தது.

கடைக்குத் திரும்புகிறேன். இன்னும் சில குறைகள். விலைச்சீட்டு ஒட்டுவதில்லை, ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். உள்ளே வெளிச்சம் போதாது, குடத்தின் ஒட்டைப் பார்க்க வாசலுக்கு எடுத்து வர வேண்டியிருக்கிறது, அவர் தடுப்பதில்லை. மேல்தட்டுச் சாமான் எடுக்க ஏணி போடுவதற்குப் பையன் வர வேண்டும், அவன் மதியத்துக்கு மேல்தான் வருவான். கார்டு வாங்க மாட்டார்கள், கியூஆர் உண்டு. வண்டி நிறுத்தக் கடைத்தெருவில் இடம் கிடைப்பது சிரமம், பின்பக்கச் சந்தில் பாருங்கள்.

பித்தளைக்குப் பூச்சு தேய்ந்தால் அவர்களிடமே கொடுக்கலாம். கடையில் பூசுவதில்லை, பட்டர்வொர்த் பக்கம் ஓர் ஆளிடம் அனுப்புகிறார்கள், திரும்பி வர மூன்று நான்கு வாரமாகும், நடுத்தர உருளிக்கு 40 வெள்ளி. தீபாவளிக்கு வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். தைப்பூசத்துக்கு முந்திய வாரம் பால்குடம் வாங்குகிற கூட்டத்தில் நின்று பேச முடியாது. சாதாரண நாட்களில் காலை பத்து மணிவாக்கில் போனால் அவரே இருப்பார், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்.